கூரைக்குப் போன நாலு பல்

நாக்கை அடக்கிவைக்கச் சொன்னால் அது எங்கே அடங்குகிறது. ‘ஐயா, நாக்கைக் கீழ வச்சிருங்கோ’ என்று சொல்லிவிட்டு டொக்டர் பிரியந்தினி கருவித் தட்டுப் பக்கம் திரும்பிய அந்தச் சின்ன நேரத்துக்குள், தில்லையம்பலத்தின் நாக்கு களவாக எழும்பி மேல்வாயின் முன்பக்கம் போய், நாலு பல் இருந்த இடத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாத மாதிரிப் படுத்துக்கொண்டது. இடப்பக்கம் ஒரு சின்ன உலோக மூடி, வலப்பக்கம் ஒரு சின்ன உலோக மூடி, நடுவில் வெறும் ஈறு. மூன்று வருஷத்துக்கு மேலாக நாக்குக்கு இதுதான் வேலை. கடையில் கதைக்கும்போதும், கோவிலில் கும்பிடும்போதும், நித்திரையில்கூட அது அங்கேதான் போய் நிற்கும், வீட்டை விற்ற பிறகும் பழைய வாசல் படலையைத் தள்ளிப் பார்க்கிற மனிதர் மாதிரி. தலைக்கு மேலே வெள்ளை விளக்கு. அவர் படுத்திருந்த கதிரை சாய்ந்து சாய்ந்து, கால் மேலேயும் தலை கீழேயும் போய்விட்டதோ என்று ஒரு சந்தேகம். விளக்கின் கண்ணாடியில் ஒரு வாய் தெரிகிறது, அது தன்னுடையதுதான் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு அந்த மூடிகளைக் கழற்றி, எலும்புக்குள் இறக்கி வைத்திருக்கிற இரண்டு டைட்டேனிய வேர்களின் மேலே தாங்கிகளைப் பூட்டி இறுக்க வேண்டும். இறுக்கம் தாங்கினால், அந்தச் சின்னப் பெட்டிக்குள் பஞ்சின் மேல் காத்திருக்கிற நாலு பல் பிரிட்ஜ் இன்றைக்கே வாய்க்குள் ஏறிவிடும். தாங்காவிட்டால், அதையும் டொக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தாள். ‘வலப்பக்கம் எனக்குப் பயமில்லை ஐயா. இடப்பக்கம்தான் முதல்தரம் பிடிக்காமல் எடுத்து, ரெண்டாந்தரம் வச்சது. கடைசி இறுக்கத்திலை சுழண்டு போறதும் உண்டு. சுழண்டா, மூண்டாந்தரம் வைக்க அதிலை எலும்பு காணாது.’ அப்படியென்றால், டொக்டர் இடைக்காலத்துக்குச் செய்து தந்து அவர் ஒழுங்காகப் போடாத, கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் தட்டுத்தான் சாகும்வரை. அவருக்கு அது பெரிய காரியமில்லை. அறுபது வயதில் அழகு பார்க்கிற ஆள் இல்லை அவர். காரியம் வெளியே, காத்திருக்கிற அறையில், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தது. அவருடைய மனைவி யோகமலர் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடிக்கவில்லை.

எல்லாம் ஒரு ஆட்டுக்குட்டியால் வந்தது. தன் பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு ஆடியபாதம் வீதியால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவருக்குக் குறுக்கே அது பாய்ந்தது. ஆட்டுக்குட்டி தப்பிவிட்டது, அவருடைய முகம் மதகுக் கட்டில் போய் விழுந்தது. விழுந்த சத்தம் இப்போதும் காதுக்குள் கிடக்கிறது. காதுக்கு வெளியிலிருந்து வராமல் மண்டைக்குள்ளேயிருந்து வந்த சத்தம், அதனால்தான் போக மாட்டேன் என்கிறது. யாரோ ஒரு பெடியன் வீதியில் கிடந்த நாலு பல்லையும் பொறுக்கி, பைப்பில் கழுவி, அவருடைய முகம் துடைக்கிற லேஞ்சியிலேயே முடிந்து, ‘அண்ணை, உங்கடை பல்லு’ என்று மரியாதையாகக் கையில் தந்தான், விழுந்த பூட்டுத் திறப்புக்கோர்வையைத் தருவதுபோல. அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் பார்த்தார், வாயால் ரத்தம்தான் வந்தது. வீட்டு வாசலில் யோகமலர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று பிறகு பல தரம் நினைத்தார். அவள் லேஞ்சியை வாங்கினாள், பக்கத்து வீட்டு ஓட்டோவுக்கு ஆள் அனுப்பினாள், தண்ணீர் கொடுத்தாள், அதற்கிடையில் ஒரு நிமிஷம் கிணற்றடிப் பக்கம் போய் வந்தாள். அவள் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். மூன்று பிள்ளைகளுக்கும் பால்பல் விழ விழ, அதை ஆகாயம் பார்த்துவிடும் முன்னம் உள்ளங்கைக்குள் மூடிக் கொண்டுபோய், ஓட்டுக்கூரைக்கு மேலே எறிந்து, இதை எடுத்துக்கொண்டு புதுசு தா என்று அணிலிடம் கேட்டவள். விழுந்த பல் கூரைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய கைக்குத் தெரியும். ஐம்பத்தாறு வயது மனிதருக்கு அணில் எங்கே பல் தரப்போகிறது என்று கை யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் முகத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, ‘விழுந்த பல்லுகள் எங்க? பாலுக்குள்ள போட்டுக் கொண்டந்தனீங்களே? உடனை வச்சா எலும்பு திரும்பப் பிடிக்கும்’ என்று கேட்டபோது, யோகமலர் அவனையும் பார்த்து, இவரையும் பார்த்து, தன் வெறுங்கையையும் பார்த்தாள். ‘கூரையிலை எறிஞ்சுபோட்டன் டொக்டர்.’ அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். தில்லையம்பலமும் சிரித்தார். கிழிந்த உதட்டோடு, ரத்தம் வழிய வழியச் சிரித்தார். உண்மையிலேயே அவருக்கு அது பகிடியாகத்தான் இருந்தது, அந்த நேரத்தில்.

பகிடியை அவர் விட்டாரா, அதுதான் இல்லை. கலியாண வீட்டில், செத்தவீட்டு அந்தியேட்டியில், கடைக்கு அண்டா வாங்க வந்த ஆட்களிடம், வாயை உள்ளங்கையால் பொத்தியபடி, ‘என்ரை மனிசி என்ரை பல்லை அணிலுக்குச் சீதனமாக் குடுத்திட்டாள்’ என்று ஆரம்பித்து, கூரையில் பல் தடதடவென்று உருண்ட சத்தம் வரைக்கும் நடித்துக் காட்டுவார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யோகமலரும் சிரித்தாள். எல்லாரிலும் முதலில் அவள்தான் சிரிப்பாள், கதை அந்த இடத்துக்கு வர முன்னமே. அதைக்கூட அவர் கவனித்தார், கவனித்து, நல்ல மனிசி, கோபம் இல்லை என்று பெருமைப்பட்டார். மடையன். இவ்வளவு வருஷக் கடை வாழ்க்கையில் ஒரு மனிதர் எத்தனை பாத்திரத்தைச் சுண்டிப் பார்த்திருப்பார், வெளியில் மினுக்கம் எப்படியிருந்தாலும் உள்ளே வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று விரல் நகத்தால் தட்டிச் சத்தத்தில் சொல்லிவிடுவார், வீட்டுக்குள் ஒரு சிரிப்பு வெடித்த சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் கடைத் திறப்பை மறந்து வீட்டுக்கு வந்தார். பின்பக்கச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் மேலே யோகமலர். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்து, மறு கையால் ஓடுகளுக்கிடையில் கிடந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, கீழே போட்டுக்கொண்டிருந்தாள். பல் போய் அப்போது ஒன்றரை வருஷம். மழை, வெயில், காகம், அணில் எல்லாம் வந்து போன கூரை. கிடைத்தாலும் இனி யாருக்கும் உதவாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ‘என்ன செய்யிறாய்?’ என்றார். அவள் திரும்பாமலே, ‘காகம் கூடு கட்டுது, அதுதான் பாக்கிறன்’ என்றாள். சருகுகள் அவருடைய காலடியில் வந்து விழுந்தன. ஏணி புதுசு இல்லை, அது நின்ற இடத்தில் மண்ணில் இரண்டு குழி ஆழமாக விழுந்திருந்தது. அப்போதுதான் விளங்கியது, இது முதல் தரம் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அன்றோடு அந்தக் கதையைச் சொல்வதை விட்டார், ஆனால் அவளை ஏணியை விடச் செய்ய அவரால் முடியவில்லை. எத்தனை தரம், போனது போகட்டும், எனக்கு ஒன்றும் குறையில்லை என்று சொல்லியிருப்பார். பொத்திய கையோடு சொன்னால் யார் நம்புவார்கள். அந்தப் பேச்சால் அவளை இறக்க முடியாது என்று விளங்கியபோதுதான் இந்தக் கதிரைக்கு வர ஒத்துக்கொண்டார்.

‘ஐயா, நித்திரையே?’ என்றாள் டொக்டர். இல்லை என்று தலையாட்டினார். வலப்பக்க மூடி கழன்றது, சின்னதாக ஒரு திருகல், நோவு இல்லை. இடப்பக்க மூடியில் அவள் கை வைத்தபோது அவருக்குப் பழைய சத்தம் நினைவு வந்தது. முதல் தரம் இதே கதிரையில், இதே விளக்கின் கீழே, இதே மாதிரி மூடியைக் கழற்றி, கருவியின் பிடியால் வலப்பக்கத்தைத் தட்டினாள், சத்தம் நல்லதாக வந்தது. இடப்பக்கத்தைத் தட்டினாள், சொத்தென்று வந்தது. ஈரமான பலகையில் தட்டுகிற சத்தம். டொக்டர் வாயைத் திறக்க முன்னமே அவருக்குத் தெரிந்துவிட்டது, வாய்க்குள் இவ்வளவு சாமான் இருந்தும் ‘சரிவரேல்லை’ என்று அவர்தான் முதலில் சொன்னார். அந்த வேரை விரலாலேயே சுழற்றி எடுத்தாள், அவ்வளவு லேசாக வந்தது, தன்னுடைய உடம்பு அதை ஒரு நாளும் உள்ளே கூப்பிட்டிருக்கவில்லை என்று அவருக்கு ஒரு மாதிரி அவமானமாக இருந்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது போல. அன்று திரும்பும் வழியில், தொண்டை வறண்டு, பஸ்ஸில் யோகமலரின் கைப்பைக்குள் இருந்த சில்வர் போத்திலுக்குக் கையை நீட்டினார். அவள் கையைத் தட்டிவிட்டாள். ‘அது குடிக்கிறதில்லை.’ ‘தண்ணிதானே?’ ‘வேற தண்ணி வாங்கித் தாறன், பொறுங்கோ.’ கோவில் தீர்த்தமாக்கும் என்று நினைத்து விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அந்தப் போத்தில் வந்தது. இன்றைக்கும் காலையில் இருட்டோடு எழும்பிக் குசினி அடுப்படியில் ஏதோ செய்துகொண்டிருந்தாள், இன்றைக்கும் அது பைக்குள் இருக்கிறது. தீர்த்தத்தை இப்படியா ஒரு மனிசி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருப்பாள் என்று ஒரு யோசனை வந்து, நிற்காமல் போனது.

பிறகு எலும்பு ஆற விட்டு, இரண்டாந்தரம் வைத்து, திரும்பவும் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை நினைத்தால் இப்போதும் அவருக்கு உடம்பு கூசுகிறது. ‘எலும்பு தானாப் பிடிக்கும் ஐயா, நாங்கள் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லை’ என்று டொக்டர் சொன்னாள். தானாகவா. உலோகத்தை உலோகத்தோடு சேர்ப்பதை அவர் ஆயுள் முழுக்கப் பார்த்தவர். நெருப்பு வேண்டும், ஈயம் வேண்டும், துருத்தி, சுத்தியல், சத்தம், புகை, வேர்வை வேண்டும், அப்படிச் சேர்த்ததும் சில வேளை விட்டுப்போகும். இங்கே எந்த நாட்டு மண்ணையோ தோண்டி எடுத்து, எந்தப் பட்டறையிலோ கடைந்த ஒரு துண்டு, அவருடைய முகத்துக்குள், சத்தமில்லாமல், சூடில்லாமல். அவர் கடையில் இருந்து பேரம் பேசியபோதும் அது நடந்தது. சோறு பிசைந்தபோது, பேப்பர் படித்தபோது, கோபத்தில் கத்தியபோது, குறட்டை விட்டபோதும் நடந்தது. அவருக்குத் தெரியாமல், அவரைக் கேட்காமல், எலும்பு ஒரு நூல் அளவு வளர்ந்து, அந்த அந்நியத் துண்டைத் தொட்டு, விலகாமல், அதன் மரைக்குள் புகுந்து, இது என்னுடையது என்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கிறதா. புதுப் பல்லுக்கு அச்சு எடுத்த அன்று டொக்டர் தட்டிப் பார்த்து, ‘பிடிச்சிட்டுது போலத்தான்’ என்றாள். ஆனால் அன்று வெளியே வீதி போடுகிற மெஷின் காதைக் கிழித்துக்கொண்டு நின்றது, அவருக்குத் தன் மண்டைக்குள் நடந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தன் காது கேட்காத பாத்திரத்தை அவர் ஒரு நாளும் வாங்கியதில்லை. அவளுடைய ‘போலத்தான்’ என்ற சொல்லில் போய் மனம் மாட்டிக்கொண்டது, முள்ளில் சேலை மாட்டுவது போல, எத்தனை மாதம், இழுக்க இழுக்க அங்கேயே.

‘இப்ப இறுக்கப் போறன். அமத்திற மாதிரி இருக்கும். நொந்தாக் கையைத் தூக்குங்கோ.’ வலப்பக்கம். சின்னத் திறப்பு போன்ற ஒன்று திரும்பியது, முகத்தின் எலும்பு முழுக்க அந்தத் திரும்பலோடு இழுபட்டது, பிறகு ‘டக்’ என்று கருவி தானாக விட்டுக்கொண்டது. இறுக்கம் சரி என்றால் அது அப்படி விடும் என்று முன்னமே சொல்லியிருந்தாள். இனி இடப்பக்கம். திறப்பு ஏறியது. திரும்பியது. அமத்தியது. நோகிறதா, இல்லை, இது நோவா, இல்லை, நோவு வர முன்னம் வருகிற பயம்தான், கையைத் தூக்காதே, தூக்கினால் நிறுத்திவிடுவாள், நிறுத்தினால் ஏணி, திரும்பவும் சுவரில் ஏணி, எழுபது வயதிலும் சேலையைச் செருகிக்கொண்டு ஏறுவாள், ஒரு நாள் அந்த ஏணி சறுக்கும், சறுக்கி விழுந்தால், பிடி, பிடித்துக்கொள், நீ யார் எவர் என்று எனக்குத் தெரியாது, எந்த மண் என்று தெரியாது, நானும் உனக்குச் சொந்தமில்லை, ஆனால் பிடி. இன்னும் கொஞ்சம் திரும்பியது. முகத்தின் இடப்பக்கம் முழுவதும் ஒரே கல்லாக இறுகி, கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் வழிந்தது. டக். டொக்டர் மூச்சை விட்டதை முகமூடிக்குள்ளால் கேட்டார். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், பாவம். ‘சுழலேல்லை’ என்றாள். அவர் விரலைத் தூக்கித் தன் வாயைக் காட்டினார். அவளுக்கு விளங்கவில்லை. ‘நோகுதே?’ இல்லை என்று தலையாட்டி, விரல் நகத்தால் கதிரையின் கைப்பிடியைச் சுண்டிக் காட்டினார். அவள் கொஞ்சம் யோசித்து, கண்ணால் சிரித்து, எச்சில் உறிஞ்சுகிற மெஷினை நிறுத்தி, கருவியைத் திருப்பிப் பிடித்து, பிடியால் இடப்பக்க வேரைத் தட்டினாள்.

கிண். அவ்வளவுதான். ஒரு வெண்கலச் செம்பின் விளிம்பில் நகம் பட்டால் வருகிற சத்தம், சுத்தமாக, நடுங்காமல், எங்கேயும் ஒரு மயிர் அளவு வெடிப்பு இல்லாமல். மேல்வாயில் தொடங்கி, மூக்கின் எலும்பால் ஏறி, நெற்றிக்குள் நின்று, மெல்ல அடங்கியது. அவர் ஆயுளில் ஆயிரம் பாத்திரத்தைச் சுண்டிக் கேட்டிருக்கிறார், தன்னைத் தட்டித் தான் கேட்டது இதுதான் முதல் தரம். இவ்வளவு நல்ல சாமானாகவா நான் இருக்கிறேன் என்று தோன்றியது. கோவிலில் திரை விலகும்போது வருகிற ஒரு நிலை உண்டே, ஒன்றும் கேட்கத் தோன்றாமல், நன்றி சொல்லவும் வார்த்தை வராமல், கையை மட்டும் தூக்குகிற நிலை, அது அவருக்கு அந்தப் பல் கதிரையில் வந்தது. கையைத் தூக்கினார். ‘ஐயோ, நோகுதே ஐயா?’ என்று டொக்டர் பதறிப்போனாள். கையை இறக்கினார். பிறகு நடந்ததெல்லாம் அவருக்குத் தூரத்தில் நடந்தது. நாலு பல்லும் ஒன்றாக உள்ளே வந்து, இரண்டு தாங்கிகளின் மேலேயும் உட்கார்ந்து, திருகாணி ஏறி, நீலக் கடதாசியைக் கடிக்கச் சொல்லி, கொஞ்சம் தேய்த்து, திரும்பக் கடிக்கச் சொல்லி. நாக்கு போய்ப் பார்த்தது. படலை பூட்டியிருந்தது. திரும்பவும் போய்ப் பார்த்தது. உள்ளே ஆள் இருந்தது. டொக்டர் கண்ணாடியை நீட்டினாள், அவர் வாங்கவில்லை. ‘பிள்ளை, அவவைக் கூப்பிடுங்கோ. அவ முதல் பாக்கட்டும்.’ தன் குரலில் காற்று ஒழுகாமல் சொல் வந்து விழுந்ததைக் கேட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்டார்.

யோகமலர் கைப்பையோடு வந்து, கதிரைக்குப் பக்கத்தில், விளக்கின் வெளிச்சம் தன் மேல் படாமல் ஒதுங்கி நின்றாள். ‘பிடிச்சிட்டுது அம்மா. ரெண்டும் பிடிச்சிட்டுது’ என்றாள் டொக்டர். யோகமலர் குனிந்து, பெருவிரலால் அவருடைய மேலுதட்டைத் தூக்கி, பிள்ளைகளுக்கு முளைத்த பல்லைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். ஒரு பல்லைத் தொட்டாள். பிறகு அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், பலமாகவே. ஆடவில்லை. ‘முன்னம் இதிலை ஒண்டு கொஞ்சம் சரிஞ்சிருந்தது’ என்றாள். ‘அந்தச் சரிவை அணில் வச்சுக்கொண்டுது’ என்றார் தில்லையம்பலம். அந்தப் பகிடியை ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முதலில் சிரிக்கவில்லை, யாருக்கும் முந்தவில்லை. டொக்டர் பழைய பிளாஸ்டிக் தட்டைத் தூக்கி, ‘இது இனித் தேவையில்லை, எறியட்டே?’ என்று கேட்டாள். ‘எறியாதேங்கோ’ என்று யோகமலர் பாய்ந்து சொன்னாள், சொன்ன வேகத்தில் பையைத் திறந்து சில்வர் போத்திலை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினாள், பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே விளங்கி, போத்திலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். உள்ளே வெள்ளையாக இருந்தது. ‘என்னது?’ என்றார். ‘பால்.’ ‘என்னத்துக்கு?’ அவள் தரையைப் பார்த்தாள். ‘கழண்டு கிழண்டு விழுந்தால் எண்டு. ஒவ்வொருக்காலும் காய்ச்சி ஆறவச்சுக் கொண்டாறனான்.’ உலோக வேர் பாலுக்குள் கிடந்து என்ன செய்யும் என்று டொக்டர் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டுத் திரும்பிக் கருவிகளை அடுக்கத் தொடங்கினாள். தில்லையம்பலத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் அதே வழியால் வந்தது, உள்ளங்கை பழக்கத்தில் வாயைப் பொத்த எழும்பியது. யோகமலர் அந்தக் கையைப் பிடித்து அவர் மடியில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவுமில்லை. நாலு பல்லும் தெரிய, யாரும் மறைக்காமல், அவர் சிரித்து முடிக்கும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு அவளும் சிரித்தாள், மெதுவாக, ஒரு வெடிப்பும் இல்லாத சத்தத்தில். அவர் போத்திலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். ‘சீனி போடேல்லையே?’ என்றார். ‘பல்லுக்கெல்லோ கொண்டந்தனான்’ என்றாள் அவள், ‘உங்களுக்கே?’